இருபது மில்லிகிராம்: கொடைக்கானல் பாதரசமும் ஊர்க்காரர்களின் கணக்கும்

ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருந்தால் அந்த மண் சுத்தமா, அசுத்தமா? கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விவகாரத்தில் பத்து வருடத்துக்கும் மேல் நடந்த வழக்கு, மனு, கமிட்டி, போராட்டம் எல்லாவற்றையும் வடிகட்டிப் பார்த்தால் கடைசியில் நிற்பது இந்தக் கேள்விதான். ஆலை மூடிய கதை பலருக்குத் தெரியும். 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அதற்கப்புறம் இந்த எண் என்ன ஆச்சு, அதை யார் வைத்தார்கள், ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன பங்கு இருந்தது என்று விசாரித்தவர்கள் குறைவு. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் இதைத் தோண்டிக்கொண்டிருந்தேன். சேர்ந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த எண்ணைக் கண்ணால் பார்க்கிற மாதிரி மாற்றிக்கொள்வோம். மில்லிகிராம் என்றதும் நமக்கு அது ஒன்றுமில்லாததாகத் தோன்றிவிடுகிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் டன்னுக்கு 20 கிராம். பத்து டன் மண் ஏற்றின ஒரு லாரியில் 200 கிராம். காய்ச்சல் பார்க்கிற ஒரு கண்ணாடி தெர்மாமீட்டரில் இருப்பது சுமாராக ஒரு கிராம், அல்லது அதற்கும் குறைவு. ஆகவே ஒரு லாரி மண்ணில் குறைந்தது 200 தெர்மாமீட்டரை உடைத்துக் கலந்தால் வருவதுதான் இந்த 20. பாதரசத்தோடு சம்பந்தமே இல்லாத சாதாரண மண்ணில் இது கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கும் கீழே இருக்கும். அதே லாரியில் ஒரே ஒரு தெர்மாமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பின்னால் 1, 10, 25, 170, 400 என்று வேறு எண்களும் வரப்போகின்றன, அப்போது இந்த லாரி உதவும்.

கொடைக்கானல் ஊர் உருவான கதையில் காய்ச்சலுக்கு ஒரு பங்கு உண்டு. மதுரைச் சமவெளியின் வெக்கையையும் காய்ச்சலையும் தாங்க முடியாத அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் மலை மேல் வீடு கட்டிக்கொண்டதில்தான் ஊர் ஆரம்பிக்கிறது. ஏரி 1863-ல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கட்டியது. காய்ச்சலுக்குப் பயந்து அமெரிக்கர்கள் ஏறிய அதே மலைக்கு, கிட்டத்தட்ட 140 வருடம் கழித்து, அமெரிக்காவிலிருந்து காய்ச்சலை அளக்கிற கருவி செய்யும் ஆலை வந்து சேர்ந்தது.

நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த அந்தத் தெர்மாமீட்டர் ஆலையை செஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனம் 1983 வாக்கில் பெயர்த்து எடுத்துக் கொடைக்கானலில் வைத்தது. 1984-ல் உற்பத்தி. கண்ணாடியும் பாதரசமும் வெளிநாட்டிலிருந்து வரும். செய்த தெர்மாமீட்டர் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போகும். நமக்கு மிஞ்சியது வேலையும் கழிவும். யூனிலீவர் 1980-களின் பிற்பகுதியில் செஸ்ப்ரோ-பாண்ட்ஸை உலக அளவில் வாங்கியது. இந்தியாவில் பாண்ட்ஸ் 1998-ல் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது.

ஆலை இருந்த இடம் முக்கியம். செயின்ட் மேரீஸ் ரோட்டில், ஒரு மலைமுகட்டில். முகடு என்றால் இரண்டு பக்கமும் சரிவு. தெற்குப் பக்கம் இறங்கினால் பாம்பார் சோலை, வனத்துறைக் காடு. சோலைக்காட்டுக்கு ஒரு குணம் உண்டு: விழுகிற மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு வருடம் முழுக்கக் கசியவிடும். பாம்பாறு அப்படிக் கசிகிற தண்ணீர்தான். அது கீழே இறங்கிப் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கும்பக்கரை அருவியாக விழுந்து வைகைப் பக்கம் போகிறது. ஆக, வேலிக்குள்ளே கம்பெனி நிலம், வேலிக்கு வெளியே அரசாங்கக் காடு, காட்டுக்குக் கீழே சமவெளி ஜனங்களின் ஆறு. வேலியைப் பார்த்து நின்றுகொள்ளும் பழக்கம் தண்ணீருக்குக் கிடையாது. யார் நிலத்தை யார் சுத்தம் செய்வது என்ற குழப்பம் ஆலைக்கு இடம் பார்த்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்பேன்.

2001 மார்ச் 7 அன்று சுமார் 400 பேர் ஊர்வலமாகப் போனார்கள். ஆலைத் தொழிலாளர்கள், முன்னாள் தொழிலாளர்கள், பழனி மலைப் பாதுகாப்புக் கழகத்துக்காரர்கள், கிரீன்பீஸ் அமைப்பினர், சாதாரண ஊர்க்காரர்கள். அவர்கள் கையில் இருந்த ஆதாரம் ஆய்வக அறிக்கை ஒன்றும் இல்லை. மூஞ்சிக்கல்லில், ஜனநெருக்கடி மிகுந்த பகுதியில், ஒரு காயலான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்த உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி. 7.4 டன் என்று கணக்கிட்டார்கள். கண்ணாடிக்குள்ளே பாதரசம் மினுமினுத்துக்கொண்டிருந்தது. மறுநாளே ஆலையில் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு அது திறக்கவே இல்லை. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு காயலான் கடைக்குப் போனதைக் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. தங்கள் விதிமுறையை மீறி அது நடந்துவிட்டதாகச் சொன்னது.

பதினேழு வருடம் ஓடிய ஆலை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு ஓடிய ஆலை. அதன் கழிவு எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடித்தது வாரியம் இல்லை, ஊர். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்றும் தோன்றுகிறது. காயலான் கடைக்கு யார் என்ன போடுகிறார்கள் என்பது எந்த ஊரிலும் ஊருக்குத்தான் முதலில் தெரியும். இன்ஸ்பெக்டர் வந்து போகும் ஜீப்பிலிருந்து அது தெரியாது.

அந்த வேகத்தில் அடுத்த இரண்டு வருடம் ஊர்க்காரர்களும் முன்னாள் தொழிலாளர்களும் பிடியை விடவில்லை. விளைவு, 2003 மே மாதம் காயலான் கடைக் கண்ணாடி, ஆலைக்குள் இருந்த அரைகுறைத் தெர்மாமீட்டர்கள், கழிவுநீர் சுத்திகரிப்புச் சேறு எல்லாம் சேர்த்து 290 டன் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே போனது. பென்சில்வேனியாவில் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு. பணக்கார நாட்டுக் கழிவு ஏழை நாட்டுக்கு வருவதைத்தான் அதுவரை கேள்விப்பட்டிருந்தோம். இது திரும்பிப் போன கழிவு. இந்தியச் சுற்றுச்சூழல் வரலாற்றில் இதற்கு இணையாக ஊர்க்காரர்கள் சாதித்த வேறு சம்பவம் சட்டென்று என் நினைவுக்கு வரவில்லை.

ஆனால் கவனித்துப் பாருங்கள், இதுவரை நடந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பாதரசம். உடைந்த கண்ணாடி, டிரம்மில் அடைத்த சேறு. எண்ணலாம், எடை போடலாம், புகைப்படம் எடுக்கலாம். மண்ணுக்குள் இறங்கினதும் காற்றில் போனதும் வேறு ரகம். பாதரசம் அறை வெப்பத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மண்ணில் துணுக்காகக் கிடக்கும். ஏரி அடியிலோ ஓடை அடியிலோ போய்ச் சேர்ந்தால் அங்கிருக்கும் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் ஏறி, மீன் வழியாக மனிதனுக்கு ஏறும். ஜப்பானில் மினமாட்டாவில் நடந்தது மெத்தில் பாதரச விஷம்தான்.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதியை அளக்கக் கருவி வேண்டும், ஆய்வகம் வேண்டும், பணம் வேண்டும். கொடைக்கானலுக்கு அளவீடு புதிதில்லை. சூரியனை அளப்பதற்காக 1899-ல் அங்கே வான் ஆய்வகம் அமைத்தார்கள், இன்றைக்கும் ஓடுகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற முகட்டில் காற்றில் எவ்வளவு பாதரசம் என்று அளக்கத்தான் ஊரில் ஆளில்லை.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது ஹைதராபாத்தில் இருக்கும் அணுசக்தித் துறை ஆய்வகம் ஒன்று. அவர்கள் செய்த முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. மரத்தில் படரும் பாசியையும் மரப்பட்டையில் ஒட்டி வளரும் லைக்கனையும் எடுத்துச் சோதித்தார்கள். இவற்றுக்கு மண்ணில் வேர் கிடையாது. காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான் சத்தை எடுக்கும். ஆகவே காற்றில் என்ன இருந்ததோ அதை வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும். மரத்திலேயே எழுதி வைத்த லாக் ஃபைல் மாதிரி! அப்புறம் கொடை ஏரி, பேரிஜம், குக்கல் என்று மூன்று ஏரிகளை ஒப்பிட்டு 2006-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையும் வந்தது. கொடை ஏரியின் நீரிலும் அடிமண்ணிலும் பாதரசம் மற்ற இரண்டு ஏரிகளைவிட அதிகம். அதில் மெத்தில் பாதரசமாக மாறிய பங்கும் அதிகம். ஏரி ஆலைக்கு வடக்கே இருக்கிறது, பாம்பார் சரிவுக்கு எதிர்த் திசையில். ஆலையிலிருந்து வெளியேறின பாதரசமே ஏரி மாசுக்குக் காரணம் என்பது அவர்கள் முடிவு. ஓடை வழியில்லாத இடத்துக்குக் காற்று கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

சரி, இனி மண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் வருவோம்.

அபாயக் கழிவுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த கண்காணிப்புக் குழு 2004-ல் கொடைக்கானல் விஷயத்தைக் கையில் எடுத்தது. அந்தக் குழு செய்த ஒரு நல்ல காரியம், சுத்திகரிப்பு வேலையைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்க் குழு ஒன்று வேண்டும் என்றது. அதுவரை ஊர்க்காரர்கள் கேட்டுக்கு வெளியே கோஷம் போட்டவர்கள். இப்போது ஆவணங்களைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் ஒரு நாற்காலி. தமிழ்நாட்டில் ஒரு மாசுபட்ட இடத்துக்கு இப்படி ஒரு ஏற்பாடு வந்தது சாதாரண விஷயமில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலை எப்போது 'முடிந்தது' என்று சொல்லலாம் என்பதை ஆரம்பிக்கும் முன்பே எழுதி, பயன்படுத்தப்போகிறவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவோம். அந்தத் தாள் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உண்மையில் புராஜெக்டை நடத்துகிறார். மீட்டிங்கில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். மண்ணைச் சுத்தம் செய்வதில் அந்தத் தாள், 'கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்' என்ற ஒரு வரி. அதற்கு மேல் இருக்கிற மண்ணைத் தோண்டி எடுப்பார்கள், கழுவுவார்கள், சூடேற்றிப் பாதரசத்தைப் பிரிப்பார்கள். அதற்குக் கீழே இருக்கிற மண் இருந்த இடத்தில் இருக்கும். எத்தனை லாரி மண், எத்தனை மரம், எத்தனை கோடி ரூபாய், எல்லாமே அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

ஆரம்பத்தில் பேசப்பட்ட எண் 10. டச்சுக்காரர்கள் வைத்திருந்த அளவு அது. கம்பெனி 25 கேட்டது. நாக்பூரில் இருக்கும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக நீரி, 20 போதும் என்று பரிந்துரைத்தது. 2007-08 காலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 20-ஐ ஏற்றது. அது நிபுணர் அறிக்கையிலிருந்து வாரியத்துக்குப் போன எண். உள்ளூர்க் குழுவிலிருந்து கிளம்பிய எண் இல்லை. கம்பெனிக்காகச் சுத்திகரிப்புத் திட்டம் தயாரித்ததும் இதே நீரிதான் என்பதைப் போராட்டக்காரர்கள் சுட்டிக்காட்டினார்கள். கோட் எழுதினவரே டெஸ்ட்டும் எழுதலாமா என்கிற கேள்வி எங்கள் ஆபீஸில் தினம் வருவதுதான், ஆகவே அவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

கூடுதல் எண்ணுக்குச் சொன்ன காரணம் என்ன? எண்ணைக் குறைக்கக் குறைக்க அதிக மண்ணைத் தோண்ட வேண்டும், அதிக மரம் வெட்ட வேண்டும், அப்படிச் செங்குத்துச் சரிவில் மண்ணைக் கிளறினால் மழையில் அது அரித்துக்கொண்டு பாம்பார் சோலைக்குள்ளேயே போகும். கேட்ட உடனே கம்பெனிக்குச் சாதகமான சாக்கு என்று தள்ளிவிடத் தோன்றும். நான் அப்படித் தள்ளவில்லை. சோலைச் சரிவில் மண்ணைத் தொட்டால் என்ன ஆகும் என்பது கொடைக்கானலில் மரம் நட்டுச் சோலை வளர்க்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். வட்டக்கானல் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளை வருடக்கணக்காகச் சோலை மரங்களை மீட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு மரம் நிலைத்து நிற்க எத்தனை வருடப் பொறுமை வேண்டும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

போராட்டக்காரர்கள் பக்கம் ஒரு எண் பிரபலமானது. யூனிலீவரின் சொந்த ஊரான பிரிட்டனில் குடியிருப்பு மண்ணுக்கு 1 மில்லிகிராம், இங்கே 20-ஆ? வெள்ளைக்காரனுக்கு ஒன்று, நமக்கு இருபதா? கோஷத்துக்குக் கச்சிதமான வரி. ஆனால் பிரிட்டனின் 2009 வழிகாட்டு ஆவணத்தில் பாதரசத்துக்கு மூன்று எண் இருக்கிறது. தனிம நிலையில் இருக்கிற பாதரசத்துக்கு 1. மெத்தில் பாதரசத்துக்கு 11. கனிமச் சேர்மமாக இருக்கிற பாதரசத்துக்கு 170. ஒரே ஆவணத்தை வைத்து 20 ரொம்பக் கூடுதல் என்றும் சொல்லலாம், ரொம்பக் குறைவு என்றும் சொல்லலாம். மண்ணில் பாதரசம் எந்த ரூபத்தில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. தெர்மாமீட்டர் ஆலையில் சிந்தினது தனிம பாதரசம், ஆகவே 1 என்ற ஒப்பீட்டில் நியாயம் உண்டு என்பது என் கருத்து. ஆனால் மண்ணுக்குப் போய் வருடக்கணக்கில் கிடந்தால் ஒரு பகுதி வேறு சேர்மமாக மாறும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

இங்கே அமெரிக்காவில் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம். டென்னஸி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ். முழுக்க அரசாங்க இடம்; அணுகுண்டுத் திட்டத்துக்காகவே உண்டாக்கின ஊர். அங்கே ஒய்-12 என்ற ஆலையில் ஹைட்ரஜன் குண்டுக்கு லித்தியம் பிரிப்பதற்காக 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் பாதரசத்தை டன் டன்னாகப் பயன்படுத்தினார்கள். எவ்வளவு கணக்கில் வரவில்லை என்பது ரகசியம். ஒரு உள்ளூர் வாரப் பத்திரிகை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபிறகு, 1983 மே மாதம் ரகசியம் நீங்கிய அறிக்கை வெளியானது. 20 லட்சம் பவுண்டுக்கும் மேல் கணக்கில் இல்லை. ஊர் நடுவில் ஓடுகிற ஈஸ்ட் ஃபோர்க் பாப்லர் ஓடையின் கரை முழுக்கப் பாதரசம். அதே 1983 வாக்கில்தான் வாட்டர்டவுன் ஆலை நம் மலைக்குக் கிளம்பியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை, வருடம் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

ஓக் ரிட்ஜில் நடந்தது என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது. ஓடைக்கரை மண்ணுக்கு அரசு முதலில் முன்வைத்த எண் கிலோவுக்கு 180 மில்லிகிராம். பொதுமக்கள் கருத்தைக் கேட்டார்கள். ஊர்க்காரர்களில் பலர், இவ்வளவு கடுமை வேண்டாம், எங்கள் ஓடைக்கரை மரங்களையும் சதுப்பையும் புல்டோசர் வைத்து அழித்துவிடாதீர்கள் என்றார்கள். அங்கே பாதரசம் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்து, உடம்பில் எளிதில் ஏறாத ரூபத்தில் இருப்பதாகப் புதுச் சோதனைகளும் காட்டின. 1995-ல் இறுதியான எண் 400. நம் லாரிக் கணக்கில் 4,000 தெர்மாமீட்டர்!

400-ஐப் பார்த்துவிட்டு, 'பாருங்கள், அமெரிக்காவிலேயே 400, நமக்கு 20 எவ்வளவு உசத்தி' என்று யாராவது கிளம்பலாம். நான் பார்த்தது வேறு. கொடைக்கானலில் 20-க்குச் சொன்ன அதே காரணம்தான் ஓக் ரிட்ஜிலும்: மரம், மண்ணரிப்பு, பாதரசத்தின் ரூபம். அங்கே அந்தக் காரணத்தை ஓடைக்கரையில் குடியிருந்தவர்களில் பலர் கையில் எடுத்தார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள், ஆலைக்குப் பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பில் இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு. இங்கே அதே காரணத்தைச் சொன்னது மாசுபடுத்திய கம்பெனியும் அதன் திட்டத்தைத் தயாரித்த நிறுவனமும். ஒரே வாக்கியத்தை வீட்டு முற்றம் பாழாகக்கூடியவர் சொல்வதற்கும், செலவு மிச்சமாகிறவர் சொல்வதற்கும் எடை ஒன்றாக இருக்குமா? கொடைக்கானல்காரர்களிடம் ஆவணங்களையும் ஒரு சுதந்திரமான ஆய்வகத்தையும் கொடுத்து, 'மரம் போகும், மண் போகும், பாதரசம் இவ்வளவு மிஞ்சும், என்ன செய்யலாம்?' என்று ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் அவர்களும் 20 என்றே சொல்லியிருக்கலாம். 5 என்றும் சொல்லியிருக்கலாம்.

கேட்கவில்லை, ஆகவே நீதிமன்றத்துக்குப் போனார்கள். நவ்ரோஸ் மோடி, 2001-லிருந்தே இதில் இருப்பவர், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 20-ஐ எதிர்த்தார். 2018-ல் தென் மண்டல அமர்வு ஏற்கவில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அதே வருடம் ஆலை வளாகத்தில் முழு அளவிலான மண் சுத்திகரிப்பு தொடங்கியது. ஆலை மூடிப் பதினெட்டு வருடம் கழித்து. நீதிமன்றம் ஒரு எண் சட்டப்படி வந்ததா, நிபுணர் அறிக்கை இருக்கிறதா என்று பார்க்கும். அது நல்ல எண்ணா என்று ஊரோடு உட்கார்ந்து பேசாது. அது அதன் வேலையும் இல்லை. இன்னொன்று, இந்த 20 பொருந்துவது வளாகத்துக்குள் இருக்கிற மண்ணுக்கு. வேலிக்கு வெளியே வனத்துறைக் காட்டிலும் ஏரி அடியிலும் போய்ச் சேர்ந்தது அந்தத் தாளில் இல்லை.

தொழிலாளர்கள் கதையைத் தனியாக எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உடல் பாதிப்பு பற்றி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத அறிக்கைகள் வந்தன. 2015-ல் அந்தப் பாட்டு. 2016 மார்ச்சில் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் உடன்பாட்டுக்கு வந்தது. ஒரு பாட்டு உலகம் சுற்றியதால் மனிதர்களுக்கு ஏதோ கிடைத்தது. மண்ணின் எண் அசையவில்லை. மண்ணுக்கு மனு கொடுக்கும் சங்கம் கிடையாது பாருங்கள்.

கொடைக்கானலில் கம்பெனி இருந்தது, பெயர் இருந்தது, அதனால் திட்டுவதற்கு ஒரு முகவரி இருந்தது. இடம் அரசாங்கத்துடையதாகவே இருந்தால் இன்னும் சிக்கல். போபால் யூனியன் கார்பைடு ஆலை நிலம் 1998-லிருந்து மத்தியப் பிரதேச அரசின் கையில். அங்கே கிடந்த 337 டன் விஷக் கழிவை 2025 ஜனவரி முதல் நாள் இரவு 12 கண்டெய்னர்களில் பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள், எரிப்பதற்காக. பீதம்பூரில் பெரிய கலவரமே ஆனது, இரண்டு பேர் தீக்குளிக்க முயன்றார்கள். கடைசியில் அந்த வருட ஜூன் முடிவதற்குள் எரித்து முடித்தார்கள். போபால் வாசலில் கிடந்த குப்பையைப் பீதம்பூர் வாசலில் எரிப்பது சரியா தப்பா என்பதை அறிவியலை வைத்துப் பேசலாம்தான். ஆனால் ராத்திரியில் கண்டெய்னர் வந்து நின்றபிறகு எந்த அறிவியலை எடுத்துச் சொன்னாலும் யார் காதில் விழும்?

ஒரு புது ஆலை கட்ட வேண்டுமானால், பல வகை ஆலைகளுக்கு, 2006 அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். அந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்பது நமக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு மைக்காவது இருக்கும். அதே ஆலை பாழாக்கிய மண்ணைச் சுத்தம் செய்ய அந்த மைக்கும் கிடையாது. மாசுபட்ட இடங்களை நிர்வகிப்பதற்கென்றே தனி விதிகள் நம் நாட்டில் 2025 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டன. கொடைக்கானல் ஊர்வலத்துக்கு 24 வருடம் கழித்து. சந்தேகத்துக்குரிய இடங்களைப் பற்றி மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும் என்கிறது விதி. அந்த அறிக்கை எழுதப் போகிற அதிகாரிக்கு இடம் எது என்று சொல்லப்போவது பெரும்பாலும் ஒரு காயலான் கடைக்காரரோ, ஆடு மேய்க்கிறவரோ, வேலை போன ஒரு தொழிலாளியோதான். மூஞ்சிக்கல்லில் அப்படித்தான் நடந்தது. அடுத்த கட்டம், எண் வைக்கிற கட்டம். அங்கே இவர்களுக்கு என்ன இடம் என்பதைத்தான் திண்டுக்கல், தேனி மாவட்ட அறிக்கைகள் வெளிவரும்போது முதலில் தேடிப் பார்க்கப்போகிறேன்.

பெரியகுளம், கும்பக்கரைப் பக்கத்தில் இருந்து இதைப் படிப்பவர்கள் இருந்தால் ஒரு உதவி. மேலே சுத்திகரிப்பு நடப்பது பற்றிக் கீழே உங்கள் ஊராட்சியில் எப்போதாவது நோட்டீஸ் ஒட்டினார்களா, கிராம சபையில் பேச்சு வந்ததா? தீர்மான நகல், பழைய நோட்டீஸ், எது கிடைத்தாலும் அனுப்புங்கள். கொடைக்கானல் தரப்புக் காகிதம் ஓரளவு சேர்ந்துவிட்டது, ஆற்றின் கீழ்ப்பக்கக் கோப்புத்தான் காலியாக இருக்கிறது.